வசனம் எழுதாத அட்டை

கீழப்பூங்குடி,
13-7-1971.

அன்பு மகள் சுகிர்தத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் இருக்கிற இடத்தில் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் அந்த நாக்பூர் வெயிலில் வதங்கிப்போகாமல், வேளைக்குச் சாப்பிட்டு, உன் வார்டில் படுத்திருக்கிறவர்களைவிடக் கொஞ்சம் தெம்பாகவாவது இருக்க வேண்டும் என்று தினமும் காலை ஜெபத்தில் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறோம். உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. இத்தனை வருஷத்தில் நீ எனக்கு இவ்வளவு கோபமாக எழுதியதில்லை. மேட்ரனிடம் கெஞ்சிக் கூத்தாடி எப்சிபாவுக்கு வாங்கி வைத்திருந்த நர்ஸ் பயிற்சி இடம், ஜூன் கடைசிவரை பார்த்துவிட்டு வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது, ஒரு பெண்ணின் வாழ்க்கையை நீங்கள் இரண்டு பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டே கெடுத்துவிட்டீர்கள், ஏன் அவளை அனுப்பவில்லை, ஒரு வரி பதில் போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டியதுதான். ஆனால் வேடிக்கை பார்த்தவன் நான் ஒருவன்தான், உன் அம்மா வேடிக்கை பார்க்கவில்லை, அவள் அதைவிடப் பெரிய காரியம் செய்திருக்கிறாள். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நேராக விஷயத்துக்கு வரமாட்டீர்களா என்று நீ பல்லைக் கடிப்பாய், வகுப்பில் பாடம் நடத்தும்போதே எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, ரிட்டையர் ஆன பிறகா வரப்போகிறது, பொறுத்துக்கொண்டு படி.

மேட்டூர் திறந்து தண்ணீர் நம் வாய்க்காலுக்கு ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது. கடைமடைக்காரனுக்கு எல்லாம் கடைசியில்தான் வரும், தண்ணீரும் அப்படித்தான், சட்டமும் அப்படித்தான். குறுவை நடவு மும்முரமாக நடக்கிறது. மேலண்டை ஓட்டில் ஒழுகுகிறது, ஆள் பார்த்து மாற்ற வேண்டும். தேர்தலில் மறுபடியும் அதே ஆட்சிதான் வந்திருக்கிறது, நம் பள்ளிக்கூடத்துச் சுவரில் வரைந்த உதயசூரியனை இன்னும் அழிக்கவில்லை, அழிக்கச் சொன்னால் மேற்கே பார்த்த சுவர் சார், சாயங்காலம் எப்படியும் மறைஞ்சிடும் என்கிறான் ஒருவன். நில உச்சவரம்பு என்று ரேடியோவில் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பண்ணையார் மாமன் மச்சான் பேரில், பேரன் பேத்தி பேரில் எல்லாம் எழுதி முடித்துவிட்டார், வீட்டு நாய்க்குக் கையெழுத்துப் போடத் தெரியாததால் அதை மட்டும் விட்டுவிட்டார் என்று டீக்கடையில் சிரிக்கிறார்கள். நியாயக் கூலி என்று சட்டம் வந்தாயிற்று, களத்தில் அளக்கிற மரக்கால் மட்டும் பழைய மரக்கால். இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், நம் எப்சிபா விஷயத்தில் அந்த மரக்காலுக்கும் பங்கு இருக்கிறது.

எப்சிபாவை நீ பாவாடை சட்டையில் பார்த்ததுதான். நீ போன இரண்டாம் வருஷம் அம்மாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது உனக்குத் தெரியும், கண்ணாடி போட்டும் பொடி எழுத்து பிடிபடவில்லை. சோறு இல்லாமல்கூட இருப்பாள், நாவல் இல்லாமல் இருக்க மாட்டாளே. தஞ்சாவூர் சபைப் புத்தகக் கடையிலிருந்து மாதம் ஒன்று வரவழைத்துவிடுவாள், நானே உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். நான் படித்தால் கணக்குப் பாடம் மாதிரி இருக்கிறது, காதலிக்கிற பெண் பேசுவதையும் ஹெட்மாஸ்டர் குரலிலேயே படிக்கிறீர்கள் என்று சண்டை. அப்போதுதான் நம் சபைத் துரைராசுவின் மகள், தாயில்லாத பெண், ஓய்வுநாள் பள்ளி முடிந்ததும் நம் வீட்டுக்கு வந்து படித்துக் காட்ட ஆரம்பித்தாள். நன்றாகப் படிப்பாள், அழுகிற இடத்தில் குரல் கம்மும், முத்தம் வருகிற இடத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிடுவாள், தாண்டினாயா என்று அம்மா கேட்டால் இல்ல பெரியம்மா, ஒட்டிக்கிட்டிருக்கு என்பாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நாவல்களை நான் எவ்வளவு கேலி செய்தாலும் ஒரு அத்தியாயத்தை விட்டதில்லை, இதை நீ அம்மாவுக்கு எழுதிவிடாதே. கதாநாயகன் எப்போதும் டாக்டராக இருப்பான், இல்லாவிட்டால் தேயிலைத் தோட்டத்து மேனேஜர். நெல் விளைகிற ஊரில் ஒரு கதாநாயகனும் பிறந்ததாகத் தெரியவில்லை. கதாநாயகி பதினெட்டாம் அத்தியாயத்தில் முழங்காலில் நிற்பாள், பத்தொன்பதில் அவனுக்குக் காய்ச்சல் விடும், இருபதில் கோயில் மணி அடிக்கும். நாக்பூரிலும் அப்படி ஒரு டாக்டர் இருக்க மாட்டாரா என்று உன் அம்மா ஒவ்வொரு நாவல் முடியும்போதும் பெருமூச்சு விடுவாள், நீ கோபித்துக்கொள்ளாதே.

கை சும்மா இருக்கக் கூடாது என்று கதை கேட்டுக்கொண்டே அட்டை செய்வதுதான் அவள் வழக்கம். உன் காலத்தைவிட இப்போது ரொம்ப முன்னேறிவிட்டாள். மிஷனுக்கு வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வருகிற பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்துகளின் முதுகுப் பக்கத்தை வெட்டி எடுப்பாள், குளத்து நெட்டியின் வெள்ளைத் தண்டைச் சீவி மல்லிகைப் பூ இதழ் மாதிரி ஒட்டுவாள், நெற்கதிரைத் தலையணைக்கடியில் வைத்துப் படியவைத்துப் பழுப்பு மாறாமல் ஒட்டுவாள், மைதா பசையில் பூச்சி வராமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவாள், அந்தக் கிண்ணத்தை நான் ஒருநாள் கஞ்சி என்று நினைத்து எடுத்துவிட்டேன், நல்லவேளை, விஷத்தை வாயில் வைக்கவில்லை. கோடியக்கரையில் உப்பளத்தில் இருக்கிற உன் மாமா வரும்போதெல்லாம் பூநாரை உதிர்த்த இளஞ்சிவப்பு இறகு நாலைந்து கொண்டுவருவார், அதை முக்கியமான அட்டைக்கு மட்டும் வைப்பாள். கண் போனதிலிருந்து உள்ளே வசனம் எழுதுவது எப்சிபாவின் வேலை. வெளிவேலை அம்மாவுடையது, உள்வேலை அவளுடையது. பிறந்தநாள், கல்யாணம், கிறிஸ்துமஸ், எல்லாவற்றுக்கும் மேலாக வருஷப் பிறப்பு வாக்குத்தத்த அட்டை. அங்கே உங்கள் கோயிலில் இந்த வழக்கம் உண்டோ இல்லையோ, இங்கே ஜனவரி ஒன்றாம் தேதி ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்த அட்டையை ஆளுக்கொன்று எடுப்பதும், எடுத்ததில் இருக்கிற வசனம்தான் ஆண்டவர் அவரவருக்கு அந்த வருஷத்துக்குச் சொன்னது என்று வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்வதும் இன்னும் அப்படியேதான் நடக்கிறது. ஆண்கள் பக்கம் தட்டைப் பிடிப்பது உபதேசியார், பெண்கள் பக்கம் உன் அம்மா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன நவம்பரில் நீ எப்சிபாவுக்குப் பயிற்சி இடம் கிடைக்கும் என்று எழுதினாயே, அந்தக் கடிதம் வந்த நேரத்தில்தான் நம் சபை ரெத்தினத்தின் மகன் ஏசையா அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று துரைராசுவிடம் கேட்டிருந்தான். நல்ல பையன், டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தான், கூலி உயர்வு கேட்கிற சங்கத்துக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பான். அவளுக்கும் இஷ்டம்தான். ஆனால் உன் கடிதத்தையும் பத்து முறை படித்திருப்பாள். கட்டிக்கொண்டால் படிப்பு போகும், படிக்கப் போனால் மூன்றரை வருஷம் அவன் காத்திருப்பானா என்று தெரியாது. துரைராசு இரண்டுக்கும் சரி என்று தலையாட்டுகிற மனிதர். யாரைக் கேட்டாலும் ஒவ்வொன்று சொன்னார்கள். கடைசியில் அவளே, வருஷப் பொறப்பு வரட்டும், எனக்கு என்ன வாக்குத்தத்தம் வருதோ அப்படிச் செய்றேன் என்று சொல்லிவிட்டாள். நம் ஊர்ப் பெண் வேறு எப்படிச் சொல்வாள். அந்த டிசம்பரில் நம் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த நாவல் லீதியாளின் மோதிரம். அதில் லீதியாளின் அத்தை, பெண் எதுவும் முடிவு செய்ய முடியாமல் தவிக்கிறபோது, ஆண்டவரே காட்டியதாக இருக்கட்டும் என்று ஒரு வசனச் சீட்டை அவள் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் வைத்துவிடுகிறாள், அதைப் பார்த்து அவள் ஊரைவிட்டுப் போகாமல் நிற்கிறாள், எல்லாம் சுபமாக முடிகிறது. எப்சிபா அன்று வரவில்லை, அந்த அத்தியாயத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டியவன் நான். படித்துவிட்டு, அத்தை கெட்டிக்காரிதான் என்று வேறு சொன்னேன்.

ஜனவரி ஒன்றாம் தேதி எப்சிபா எடுத்த அட்டையில், பொறுமையாகக் காத்திரு, உனக்கென்று வைத்தது உன்னிடம் வரும் என்கிற பொருளில் ஒரு வசனம் இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், பிறகு வேதத்துக்குள் வைத்துக்கொண்டாள். ஏசையாவுக்கு வேலை வரும்வரை ஊரிலேயே காத்திருக்கச் சொல்லியிருக்கிறார், அவன் பக்கம்தான் தீர்ப்பு என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது. உன் அம்மா அன்று பாயசம் வைத்தாள். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அறுவடையில் தகராறு வந்தது. சட்டத்தில் போட்ட கூலியைக் கொடுக்காமல் கதிரில் கை வைக்கமாட்டோம் என்று நம் ஆட்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள், பண்ணையார் லாரியில் வெளியாட்களை இறக்கினார். களத்தில் கைகலப்பாகி இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. யார் முதலில் அடித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது, ஆனால் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனதில் நம் தெரு ஆட்கள்தான் அதிகம், அதில் ஏசையாவும் ஒருவன். மனு எழுதின கைதானே முதலில் தெரியும். சித்திரையில் ஜாமீனில் வெளியே வந்தான், நாகப்பட்டினம் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. கேஸ் இருக்கிறவனுக்கு எந்தப் பள்ளிக்கூடம் வேலை கொடுக்கும். அவன் வந்த அன்றே எப்சிபாவிடம், எனக்கு வாய்தா வாய்தான்னு எத்தனை வருஷம் இழுக்குமோ, நீ நாக்பூருக்குப் போய்ப் படி, ஒனக்காக நான் இருக்கேன், எனக்காக நீ இருக்காதே என்று சொல்லிவிட்டான். நாவல்காரர்கள் ஒருவரும் இப்படி ஒரு கதாநாயகனை எழுதியதில்லை. அவளோ, எனக்கு வந்த வாக்குத்தத்தம் காத்திருக்கச் சொல்லுது, நான் போகமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். துரைராசு சொன்னார், நான் சொன்னேன், போதகர் ஐயாவும் சொல்லிப் பார்த்தார், வசனத்துக்கு எதிராக அவரும் எவ்வளவு பேச முடியும். அவள் நடவுக்கும் களையெடுக்கவும் போய்க்கொண்டு, எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண், சேற்றில் நின்றாள். நீ எழுதின இரண்டு கடிதத்துக்கும் நான் பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான், இன்று மனம் மாறுவாள் நாளை மாறுவாள் என்று தள்ளிப்போட்டேன். ஜூன் போய்விட்டது.

உன் கடைசிக் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது என்கிற வரியில் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நான் முடித்ததும் அடுப்பங்கரைக்குப் போய்விட்டு வந்து, நின்றபடியே, ஏங்க, அந்த அட்டை அவளுக்குத் தானா வரல, நான் எழுதி நான்தான் தள்ளினேன் என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. தட்டைப் பிடித்த கையின் கட்டைவிரலால் ஒரு அட்டையை ஓரத்தில் அமுக்கிப் பிடித்திருக்கிறாள், யார் வந்தாலும் அது நகரவில்லை, எப்சிபா கை நீட்டியதும் விரலை எடுத்து அதை முன்னால் தள்ளிவிட்டாள். எப்சிபா முதலில் தொட்டது வேறொரு அட்டையாம், பூநாரை இறகு ஒட்டியது, அதைத் தட்டின் உள்பக்கம் சாய்த்துவிட்டாளாம். எவ்வளவு நெஞ்சழுத்தம் பார், போதகர் ஐயா பக்கத்தில் நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். கடவுள் பேரில் கள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டாயே என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம், அந்த வார்த்தை அவளைக் கொன்றுவிட்டது. லீதியாளோட அத்தையும் இதத்தானேங்க செஞ்சா, நீங்ககூட கெட்டிக்காரின்னீங்களே என்று குழந்தை மாதிரி கேட்டாள். அன்றிலிருந்து கத்தரியைத் தொடவில்லை, பசைக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள், பாதியில் இருக்கிற நாவலைப் படிக்கட்டுமா என்றால் வேண்டாம் என்கிறாள். எனக்கு அந்தக் கதையில் அடுத்தது என்ன என்று தெரிய வேண்டும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆனால் அவளுக்குத் தெரியாமல் படிக்க மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலையில் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, அவகிட்ட போய்ச் சொல்லிடறேன், துணைக்கு வாங்க என்றாள். எனக்குப் பயம். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு இவள் மேல் உள்ள நம்பிக்கை போகும், இவளோடு போனால் பரவாயில்லை, ஆண்டவர் மேல் உள்ளதும் போய்விட்டால் யார் பொறுப்பு. அதையும் சொன்னேன். போனா போவட்டும், இன்னொரு வருஷமும் அவ சேத்துல நிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டாள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே நடவு. எப்சிபா எங்களைப் பார்த்ததும் கையில் இருந்த நாற்று முடியோடு கரையேறி வந்தாள். நான் மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டேன், காது கேட்கிற தூரம்தான். அம்மா சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், தான் எழுதியது, கட்டைவிரலால் பிடித்தது, தள்ளியது, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, என்னை என்ன வேணா கேளுடி, ஆண்டவர் மேல மட்டும் வருத்தப்படாதே, அவரு அந்த அட்டையத் தொடவே இல்லை என்றாள்.

எப்சிபா நாற்றில் ஒட்டியிருந்த சேற்றை வாய்க்காலில் அலசிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து, தெரியும் பெரியம்மா என்றாள். அட்டையப் பிரிச்ச அன்னைக்கே தெரியும், மத்த அட்டை எல்லாத்துக்கும் வசனம் நான் எழுதினது, இது ஒண்ணுதான் ஒங்க கையெழுத்து, ஒங்க கோணக் கையெழுத்து எனக்குத் தெரியாதா, கடைக்குச் சீட்டு எழுதினா நான்தானே வாங்கியாறேன் என்றாள். உன் அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். அவ்வளவு சாமர்த்தியமாகக் கட்டைவிரலை மறைத்தவள், கையெழுத்தை மறந்துவிட்டாள் பார். தெரிஞ்சும் ஏன்டி இருந்தே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று கேட்டாள். அதற்கு அந்தப் பெண் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். ஏசையாவுக்காக இருக்கேன்னு ஊர் சொல்லிச்சு, நானும் இருக்கட்டும்னு விட்டுட்டேன், அவருதான் போ போன்னு வெரட்டுறாரே. நான் ஒங்களுக்காகத்தான் இருந்தேன் பெரியம்மா. சுகிர்தம் அக்கா போன மாதிரி நானும் போயிட்டா நீங்க தனியாயிடுவீங்க, அத வாயால சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு அட்டையில எழுதிக் குடுத்திருக்கீங்கன்னு நெனச்சேன். என்னையப் போகாதேன்னு இதுவரைக்கும் யாரு சொல்லியிருக்கா. அதான் இருந்துட்டேன். இவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. எனக்குத்தான் மதகில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

உன் அம்மா அவள் கையை, சேறும் நாற்றுமாக இருந்த கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். நீ போகணும்டி, அடுத்த வருஷம் போயிடணும், இதை எழுதலை, வாயால சொல்றேன், நல்லாக் கேட்டுக்க என்றாள். சரி பெரியம்மா, போறேன், இனிமே எனக்கு அட்டை வேணாம், நீங்க சொன்னதே போதும், ஆனா அந்தத் தூரத்துக்குத் தனியா ரயிலேற மாட்டேன், அக்கா வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும் என்றாள். அதற்குள் வயலில் இருந்த பெண்கள் நடவு நிரை முன்னால போவுது, என்னடி அங்க பேச்சு என்று சத்தம் போட்டார்கள், இறங்கிப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவிடம், நீ ஏசையாவுக்காக என்று எழுதினதை அவள் உனக்காக என்று படித்திருக்கிறாளே என்றேன். அவ படிச்சதுதாங்க சரி, நாவல் மேல பழியப் போட்டுட்டேன், கல்யாணம் ஆனா அவ உள்ளூர்லயே இருப்பான்னுதான் எழுதினேன் என்று சொல்லி, நீ போன பிறகு முதல்முறையாக என் எதிரில் அழுதாள். நீ ரயிலேறிய அன்று அவள் ஸ்டேஷனுக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்து நெட்டி சீவிக்கொண்டிருந்ததை நீ கல் மனசு என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், எட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு.

இனி எழுதப்போவது அம்மாவுக்குத் தெரியாது, கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தையும் தாண்டிவிடுவேன், பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். நீ போகும்போது உன் டிரங்குப் பெட்டியில் ஒரு அட்டை வைத்தோமே, நினைவிருக்கிறதா, பூநாரை இறகு ஒட்டியது. அம்மா செய்தாள், உள்ளே எழுத வேண்டிய வசனத்தை நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஏரில் கை வைத்தவன் பின்னால் திரும்பிப் பார்க்கலாகாது என்கிற வசனம். அதை ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருக்கிறேன் அப்பா என்று நீ முதல் கடிதத்தில் எழுதினாய், நான் அதைச் சபையில் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன். பண்ணையில் ஏர் பிடித்தவன் பேத்தி வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு நிற்கிறாள், திரும்பி இந்தச் சேற்றைப் பார்க்க வேண்டாம் என்று எனக்கு அப்படி ஒரு வீம்பு. நாலு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது நீ வந்து. ஒவ்வொரு தடவையும் லீவு இல்லை, ட்யூட்டி என்று எழுதுகிறாய், நாங்களும் சரி என்று இருந்துவிட்டோம். சனிக்கிழமை அந்தப் பெண் வாய்க்கால் கரையில் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்வி. நீயும் என் அட்டையைப் பார்த்துக்கொண்டுதான் வராமல் இருக்கிறாயா, சுகிர்தம்? அப்பா போகத்தான் சொன்னார், வரச் சொல்லவில்லை என்று இருக்கிறாயா? அப்படியானால் கேள். வசனத்தில் குற்றம் இல்லை, அதை உனக்கென்று எடுத்து வைத்தது என் விரல். என் அப்பா, உன் தாத்தா, வாழ்நாள் முழுக்க உழுதவர், வரப்பு முனை வந்ததும் ஏரைத் திருப்பிக்கொண்டு வந்த வழியேதான் மறு சால் போடுவார். திரும்பாமல் எந்த வயலையும் யாரும் உழுது முடித்ததில்லை, வாத்தியார் வேலை பார்த்ததில் எனக்கு அது மறந்துபோயிற்று. நீ திரும்பிப் பார்க்கலாம் அம்மா. வரலாம்.

மேட்ரனிடம் அடுத்த வருஷத்துக்கு எப்சிபா பெயரைச் சொல்லி வை, இந்தத் தடவை வராமல் போனது அவள் குற்றமில்லை, இங்குள்ள பெரியவர்கள் குற்றம் என்று சொல். ஏசையாவுக்கு ஆவணியில் வாய்தா, அவனுக்காகவும் ஜெபம் பண்ணு, காத்திருக்க வேண்டியது இப்போது அவன் முறை. அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு நைட் ட்யூட்டிக்கு ஓடாதே. நீ வருவதானால் அங்கத்து ஆரஞ்சு கொஞ்சம் வாங்கி வா, அம்மா கேட்கமாட்டாள், எனக்குத் தெரியும். உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்க எங்கள் கை அவ்வளவு தூரம் எட்டாது, எட்டுகிறவர் கையில் உன்னை ஒப்புக்கொடுத்திருக்கிறோம், போகும்போதும் வரும்போதும் அவர் உன்னோடு இருப்பாராக. இந்த உறைக்குள் அம்மா ஒரு அட்டை வைத்திருக்கிறாள். கத்தரியை மறுபடி தொட்டது இதற்காகத்தான், நேற்று சாயங்காலம் செய்தாள், மீதியிருந்த ஒரே பூநாரை இறகையும் இதில்தான் ஒட்டியிருக்கிறாள். உள்ளே வசனம் இல்லை, மறந்துவிட்டார்களோ என்று தேடாதே, வெறுமையாகத்தான் வைத்திருக்கிறாள். என்ன எழுதட்டும் என்று கேட்டேன், நாம எழுதினது போதுங்க, அவ எழுதட்டும் என்றாள். நீ எந்தத் தேதியில் வருகிறாய் என்பதை மட்டும் அதில் எழுதி, எங்களுக்குத் திருப்பி அனுப்பு.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
சா. ஞானாபரணம்.